பிரசவ விடுதிக்கு நான்காவது அறங்காவலர்

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற என்னை வழியனுப்பிய அன்று, நம் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் நீங்கள் எல்லோரும் "ஏதாவது ரெண்டு வார்த்தை பேசுங்க" என்று கேட்டீர்கள். எழுந்தேன், கும்பிட்டேன், உட்கார்ந்துவிட்டேன். நாலு பேர் முன்னால் நின்றால் எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றும்போதுதான் சொல்ல வேண்டியதெல்லாம் முண்டியடித்துக்கொண்டு வந்தது. அதனால் எழுதிக் கொடுக்கிறேன். பேசுவதைவிட இது எனக்கு எளிது.

அறக்கட்டளைப் பத்திரம் எப்படி எழுதுவது, பதிவாளரிடம் என்ன தாக்கல் செய்வது என்பதெல்லாம் நம் வக்கீல் மேடம் உங்களுக்குச் சொல்லித் தருவார். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான், அதில் தலையிட மாட்டேன். என் வேலை நடப்பதும் சைக்கிள் மிதிப்பதும். அம்பத்தூரிலிருந்து ஆவடி, பருத்திப்பட்டு, பூந்தமல்லி என்று போய், நம்மிடம் ஆலோசனை கேட்கும் தர்ம காரியங்களின் அறங்காவலர்களுக்குக் கூட்ட அறிவிப்பைக் கையில் கொடுத்துக் கையெழுத்து வாங்கி வருவேன். காகிதத்தில் அறங்காவலர் என்று எழுதுவோம், வாயால் டிரஸ்டி என்போம். முட்டி தேய்ந்து போகும்வரை இதைத்தான் செய்தேன்.

வீடு வீடாகப் போகிறவனுக்குச் சட்டம் தெரியாவிட்டாலும் மனிதர்களைத் தெரிந்துவிடும். அப்படித் தெரிந்ததை நம்பி ஒரு நாள் நான் ஒரு காரியம் செய்தேன். அதைத்தான் சொல்லப் போகிறேன்.

எண்பதுகளின் கடைசி. பூந்தமல்லியில் ஒரு இலவசப் பிரசவ விடுதி இருந்தது. வலி எடுத்த பெண்களை எழும்பூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் வழியிலேயே ஏதாவது ஆகிவிடுகிறது என்று நான்கு நண்பர்கள் சேர்ந்து அறுபதுகளில் தொடங்கியது. ஹார்டுவேர் கடை வைத்திருந்த காதர் பாய் தன் கட்டடத்தை வாடகை இல்லாமல் விட்டார். ஆவடியில் பாதுகாப்புத் தொழிற்சாலையில் வேலை பார்த்து சேக்காட்டில் குடியிருந்த திருநெல்வேலிக்காரர் ஒருவர் கட்டில், தொட்டில் எல்லாம் வெல்டிங் வைத்துச் செய்து கொடுத்தார். அவரை எல்லோரும் ஃபோர்மேன் என்றே கூப்பிடுவார்கள். சாமுவேல் வாத்தியார் ஊர் ஊராகப் போய் நன்கொடை திரட்டினார். நான்காவது ஆள் ஏழுமலை. சைக்கிள் ரிக்‌ஷா ஓட்டியவர். வலி எடுத்த பெண்ணிடம் அவர் கூலி வாங்கியதே கிடையாது.

ஏழுமலை நெஞ்சு வலியில் திடீரென்று போய்விட்டார். அதற்குப் பிறகு அந்த மூன்று பேரும் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டார்கள். விடுதியின் முன் அறையில் கூட்டத்துக்கு நான்கு பிரம்பு நாற்காலி போடுவார்கள். ஒன்று காலியாகவே இருக்கும். அதில் ஒரு பையை வைக்கக்கூட விடமாட்டார்கள். அறிவிப்பும் நான்கு அடிக்கச் சொல்வார்கள். "ஏழுமலை வூட்லயும் ஒண்ணு குடுத்துடுப்பா" என்பார் காதர் பாய். ஆக, இறந்துபோனவர் பேருக்கு வந்த அழைப்பை நான் அவர் மனைவி அஞ்சலை கையில் கொடுத்து வருவேன். ஒவ்வொரு தடவையும் அவர் கேட்கும் கேள்வி ஒன்றுதான்.

"போன தபா கூட்டத்துல இன்னா முடிவு பண்ணாங்கோ?"

எனக்குத் தெரிந்ததைச் சொல்வேன். அடுத்த தடவை போகும்போது, "தண்ணி டாங்கி கட்டறன்னாங்களே, கட்டிட்டாங்களா?" என்று தொடர்ந்து கேட்பார். வேறு எந்த டிரஸ்டி வீட்டிலும் போன கூட்டத்தைப் பற்றி என்னிடம் யாரும் கேட்டதில்லை.

நான்குக்குக் குறையாமல், ஏழுக்கு மிகாமல் டிரஸ்டிகள் இருக்க வேண்டும் என்பது அவர்கள் பத்திரம். மேடம் சொல்லிச் சொல்லிச் சலித்துப் போனார். "ஒருவரை நியமியுங்கள், என்றைக்காவது இது தொண்டையில் மாட்டும்." மூவரும் பயபக்தியோடு தலையாட்டுவார்கள், டீ சாப்பிடுவார்கள், போய்விடுவார்கள். சின்னச் சின்னக் காரியங்கள் மூன்று பேர் கையெழுத்தில் ஓடிக்கொண்டிருந்தன.

ஒரு நாள் அது தொண்டையில் மாட்டியது.

காதர் பாய் ஹஜ்ஜுக்குப் புறப்பட்டார். ரயிலில் பம்பாய் போய் அங்கிருந்து கப்பல். போவதற்கு முந்தின நாள் நம் அலுவலகத்துக்கு வந்து மேடம் எதிரில் உட்கார்ந்தார்.

"அந்தக் கட்டடத்த விடுதி பேருக்கே எழுதிக் குடுத்துடறேம்மா. நாளைக்கே."

"போய்விட்டு வந்து நிதானமாகச் செய்யலாமே, பாய்."

"வந்து செய்யறேன்னு சொல்ல நான் யாரு? பயணம் போறவன் தன் பாரத்த எறக்கி வெச்சிட்டுத்தான் போவணும். என் பசங்க நல்ல பசங்கதான். ஆனா அந்த எடம் மெயின் ரோட்டு மேல இருக்கு. நான் இல்லன்னா அங்க வரிசையா கடை வரும். தொட்டில எங்க கொண்டுபோய் போடறது?"

மேடம் பத்திரத்தைப் புரட்டினார். ஒரு இடத்தில் விரல் நின்றது. ஒரு டிரஸ்டியின் சொந்தச் சொத்து சம்பந்தப்பட்ட விஷயத்தில் அவர் கூட்டத்தில் இருக்கக் கூடாது, மற்றவர்களில் மூன்று பேராவது சம்மதித்துக் கையெழுத்துப் போட வேண்டும் என்று எழுதியிருந்தது. பாயை நீக்கிவிட்டால் மிச்சம் இரண்டே பேர்.

"வாங்கறவனுக்குத்தானேம்மா அந்தச் சட்டம்? நான் குடுக்கறவன். எனக்கு இதுல என்ன லாபம்?"

"கொடுக்கிற கையும் வாங்கிக்கொள்கிற கையும் ஒருத்தருடையதாக இருக்கக் கூடாது, பாய். நாளைக்கு உங்கள் பிள்ளைகள் கோர்ட்டுக்குப் போனால் முதல் கேள்வியே இதுதான். நாளைக் காலையில் இன்னொரு டிரஸ்டியை நியமித்தாக வேண்டும். நீங்கள் மூன்று பேரும் சேர்ந்துதான் நியமிக்க முடியும்."

அன்றே மேடம் வேலப்பன்சாவடி பக்கம் ஒரு கல்லூரியில் பாடம் நடத்தும் பேராசிரியை ஒருவரிடம் பேசிச் சம்மதம் வாங்கினார். நல்ல பெண்மணி. கூப்பிட்டால் வருகிறேன் என்று சொல்லிவிட்டார். நான் அவசர அறிவிப்புகளை எடுத்துக்கொண்டு ஓடினேன். ஏழுமலை வீடு பூட்டியிருந்தது. அந்த ஒன்று மட்டும் என் பையிலேயே தங்கிவிட்டது.

மறுநாள் காலை விடுதிக்குப் போனால் தெருவே திருவிழா. பாய் வீடும் அதே தெருதான். வாசலில் வேன் நின்றது. சொந்தக்காரர்கள், கடைக்காரர்கள் எல்லோரும் பாயைக் கட்டிப்பிடித்து மாலை போட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் ஒவ்வொருவர் கையையும் பிடித்து, "தெரிஞ்சோ தெரியாமலோ ஏதாச்சும் தப்பா பேசியிருந்தா மன்னிச்சிக்கப்பா" என்று கேட்டார். ஹஜ்ஜுக்குப் போகிறவர்கள் அப்படிக் கேட்டுவிட்டுத்தான் கிளம்புவார்கள். மூத்த மகன் மட்டும் சற்றுத் தள்ளி நின்று வேன் சாமான்களை எண்ணிக்கொண்டிருந்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. "அத்தா, ரயிலுக்கு நேரம் பாத்துக்குங்க" என்று மட்டும் அவ்வப்போது சொன்னார்.

முன் அறையில் ஃபோர்மேனும் வாத்தியாரும் உட்கார்ந்திருந்தார்கள். நான்காவது நாற்காலி காலியாக இருந்தது. மேடம் விஷயத்தைச் சொன்னார். பேராசிரியை வரத் தயாராக இருப்பதாகவும், நியமனத் தீர்மானத்தில் கையெழுத்துப் போட வேண்டும் என்றும் சொன்னார்.

ஃபோர்மேன் தரையைப் பார்த்தார். "என்னம்மா சொல்லுதீய? அந்த நாற்காலில முன்னப் பின்ன தெரியாத ஒரு ஆள உக்கார வைக்கணுமாக்கும்?"

"அப்படி இல்லை சார். எண்ணிக்கை குறைகிறது."

"எங்க மனசுல கொறையல. நாலு பேருதான் இருக்கோம்."

வாத்தியார் மெதுவாகச் சொன்னார். "அம்மா, நீங்க சொல்றது நியாயம். ஆனா நான் கையெழுத்துப் போட்டா ஏழுமலை செத்துட்டான்னு நானே எழுதிக் குடுத்த மாதிரி. என்னால முடியாது."

"கட்டடம் போய்விடும், சார்."

"போவாது. பாய் திரும்பி வருவான்."

"வராவிட்டால்?"

உள்ளே பிரசவ அறையிலிருந்து ஒரு பெண் முனகும் சத்தம் கேட்டது. ஆயா வெந்நீர் வாளியோடு குறுக்கே போனார். மேடம் என் பக்கம் திரும்பி, "நீ போய் பேராசிரியையைக் கூட்டிக்கொண்டு வா. ஆளை நேரில் பார்த்தால் மனம் மாறலாம்" என்றார்.

ஆட்டோவில் ஏறினேன். ஆட்டோ நெடுஞ்சாலையில் பறந்தது. அந்த அம்மாவை நான் கூட்டிக்கொண்டு வருவேன். அவர் அந்த அறைக்குள் நுழைவார். இந்த இரண்டு பேரும் எழுந்து கும்பிடுவார்கள், டீ கொடுப்பார்கள், கையெழுத்து மட்டும் போட மாட்டார்கள். இது எனக்குத் தெரியும். பல வருஷம் அவர்கள் வாசலில் நின்றவன் நான். அவர்கள் பிடிவாதக்காரர்கள் இல்லை. செத்துப்போன நண்பனிடம் அனுமதி கேட்க வழி தெரியாமல் உட்கார்ந்திருந்தார்கள். அந்த அனுமதியைக் கொடுக்கக்கூடிய ஒரே ஆள், நான் அழைப்பு கொடுக்கும் வீட்டில் இருந்தார்.

வேலப்பன்சாவடி வந்தது. டிரைவர் வேகத்தைக் குறைத்தார்.

"எந்தக் காலேஜு, அண்ணாத்தே?"

என் வாயிலிருந்து இப்படி வந்தது: "நிறுத்தாதீங்க. அம்பத்தூர் எஸ்டேட்டுக்கு விடுங்க."

"இன்னாபா, ஏர்றப்ப ஒண்ணு சொல்ற, எறங்கறப்ப ஒண்ணு சொல்ற. ஊட்ல சொல்லிகினுதான் வந்தியா?"

"சீக்கிரம் போங்க."

"பறக்கறதுக்கு இதுக்கு இறக்கை கீதா?" என்றார். ஆனாலும் முறுக்கினார்.

இதை நீங்கள் பழக்கமாக்கிக்கொள்ளாதீர்கள். மேடம் ஒன்று சொல்ல நான் வேறொன்று செய்தது அந்த ஒரு தடவைதான். அஞ்சலை வராவிட்டால் அங்கே யாருமே இல்லை. பேராசிரியையும் இல்லை, அஞ்சலையும் இல்லை, எனக்கு வேலையும் இல்லை. மதுரவாயல் தாண்டும்போது திரும்பிவிடலாமா என்று இரண்டு முறை வாயெடுத்தேன்.

அஞ்சலை எஸ்டேட்டில் போல்ட், நட்டு செய்யும் கம்பெனி ஒன்றில் பாக்கிங் பிரிவில் இருந்தார். கேட்டில் வாட்ச்மேன் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"டூட்டி டைம்ல லேடீஸ வெளிய உட மாட்டாங்கோ. இன்னா விசயம்? யாருனா செத்துட்டாங்களா?"

"இல்லங்க."

"ஆஸ்பத்திரி கேஸா?"

ஆமாம் என்று சொல்லியிருந்தால் விட்டிருப்பார். பொய்யும் இல்லை. ஆனால் அந்த வார்த்தை உள்ளே போய்ச் சேரும்போது அஞ்சலை தன் பிள்ளைக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பதறி ஓடி வருவார். அப்படி வருகிறவரிடம் நிதானமான சம்மதம் கேட்க முடியுமா? பையைத் திறந்து, கொடுக்காமல் இருந்த அந்த அறிவிப்பை எடுத்து நீட்டினேன்.

"இத மட்டும் அஞ்சலை அக்கா கைல குடுத்துடுங்க. வேற ஒண்ணும் சொல்ல வேணாம்."

எப்போதும் வீட்டுக்கு வரும் காகிதம் வேலை செய்கிற இடத்துக்கு வந்தால் அதற்கு ஒரு காரணம் இருக்கும் என்று அவர் கண்டுபிடித்துவிடுவார் என்று நம்பினேன். வாட்ச்மேன் முணுமுணுத்துக்கொண்டே உள்ளே போனார். நான் கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஆட்டோக்காரர் பீடியைப் பற்றவைத்து, "லவ் லெட்டரா, நைனா?" என்றார்.

அஞ்சலை வந்தார். எண்ணெய்க் கையைப் பழந்துணியில் துடைத்தபடி வேகமாக நடந்து வந்தார்.

"இன்னா தம்பி, கம்பெனிக்கே வந்துட்ட? விடுதிக்கு இன்னா ஆச்சு?"

சொன்னேன். பாய் எழுதிக் கொடுப்பதை, மூன்று பேர் வேண்டும் என்பதை, நாற்காலியை, பேராசிரியையை. கேட்டுக்கொண்டே வந்தவர் நாற்காலி என்றதும் நின்றார்.

"அத்த இன்னும் காலியாவே போட்டுகினு கீறாங்களா?"

"ஆமாக்கா."

"எம் பேர்ல வராம அவரு பேர்லயே தாளு வருதேன்னு பாப்பேன். எழுந்து வந்து கையெழுத்து போட்டுடுவாருன்னு இருந்தாங்களாக்கும்." சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. "ஏன் தம்பி, அந்தம்மா படிச்சவங்க. அவுங்கள உட்டுட்டு என்கிட்ட ஏன் வந்த?"

"போன கூட்டத்துல என்ன முடிவு பண்ணாங்கன்னு நீங்கதான்க்கா கேப்பீங்க."

அவர் உள்ளே போய் சூப்பர்வைசரிடம் அரை நாள் லீவு சொல்லிவிட்டு வந்து ஆட்டோவில் ஏறினார். "கூலி போச்சு. ஓட்டுப்பா" என்றார். வழியில் ஒரே ஒரு தடவை பேசினார்.

"இத்தினி வருசமா என்னிய ஏன் யாரும் கேக்கல?"



விடுதி வாசலில் மேடம் நின்றிருந்தார். பாய் கழுத்து நிறைய மாலையோடு பக்கத்தில். "பேராசிரியை எங்கே?" என்றார் மேடம்.

"வரல மேடம். நான் கூப்பிடல."

மேடம் என்னைப் பார்த்த பார்வையில் என் பாதி உயிர் போனது. அதற்குள் அஞ்சலை ஆட்டோவிலிருந்து இறங்கி, யாரையும் பார்க்காமல் நேராக முன் அறைக்குள் போனார். ஃபோர்மேனும் வாத்தியாரும் விருட்டென்று எழுந்தார்கள்.

"குந்துங்க, குந்துங்க" என்றார் அஞ்சலை. "யாரையோ டிரஸ்டி ஆக்க மாட்டன்றீங்களாமே?"

"அப்படி இல்லம்மா" என்று வாத்தியார் தடுமாறினார். "ஏழுமலையோட எடம் அது. அதுல…"

"அவரு நாற்காலிய யாரு கேட்டா? அது அவருதாவே இருக்கட்டும். எனுக்கு ஒண்ணு தனியா போடுங்க."

ஃபோர்மேன் மேடத்தைப் பார்த்தார். "அப்படிச் செய்யலாமாம்மா?"

"பத்திரத்தில் ஏழு பேர் வரைக்கும் இடம் இருக்கிறது" என்றார் மேடம். "சட்டம் ஆட்களைத்தான் எண்ணும், நாற்காலியை எண்ணாது."

ஃபோர்மேன் உள்ளே போனார். பிரசவ அறையில் துணைக்கு வருகிறவர்கள் உட்காரும் இரும்பு ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு வந்து, பிரம்பு நாற்காலிக்குப் பக்கத்தில் போட்டு, தன் துண்டால் தூசு தட்டினார். அவர் தட்டிக்கொண்டே இருந்தார். அவ்வளவு தூசு அதில் இல்லை. பாயும் உள்ளே வந்தார். மூன்று பேரும் நியமனத் தீர்மானத்தில் கையெழுத்துப் போட்டார்கள்.

பேராசிரியை பெயரைத் தானப் பத்திரத்தில் டைப் அடித்துவிட்டிருப்பார்களே, மறுபடி டைப் செய்ய நேரம் ஏது என்று எனக்குப் பதற்றம். மேடம் பத்திரத்தை விரித்தார். பெயர் வர வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. "ஆள் வந்து உட்காருகிற வரைக்கும் பெயரை எழுதக் கூடாது" என்று சொல்லிவிட்டு, பேனாவைத் திறந்து அஞ்சலையின் பெயரை எழுதினார். அதை அவர் எனக்குச் சொன்னதாகத் தெரியவில்லை. தனக்கே சொல்லிக்கொண்டது போல இருந்தது.

அடுத்து கட்டடம். "பாய், நீங்கள் வெளியே போக வேண்டும்" என்றார் மேடம்.

"என் கட்டடத்துலேர்ந்து என்னையேவா?"

"அவர்கள் முடிவு செய்கிறவரைக்கும்."

பாய் சிரித்துக்கொண்டே மாலையோடு தெருவில் போய் நின்றார். வழியனுப்ப வந்த கூட்டம், என்னவோ ஏதோ என்று ஜன்னலில் மொய்த்தது. மகன் வேனில் சாய்ந்துகொண்டு, "அத்தா, நேரமாவுது" என்றார்.

இங்கேதான் நீங்கள் கவனிக்க வேண்டும். எனக்கு அவசரம், மேடத்துக்கு அவசரம், பதிவு அலுவலகத்தை மூடிவிடுவார்கள், ரயில் போய்விடும். அந்த நிலையில் யாராக இருந்தாலும், "இங்கே கையெழுத்துப் போடுங்கம்மா" என்றுதான் சொல்வோம். மேடம் அப்படிச் சொல்லவில்லை. தானப் பத்திரத்தை முழுக்கப் படித்துக் காட்டினார். அஞ்சலை கேட்டார்.

"வேணான்னு சொல்ல முடியுமா?"

"சொல்லலாம். டிரஸ்டிக்கு அந்த உரிமை உண்டு."

"அப்ப ஒண்ணு கேக்கணும். பின்னாடி ரூம்ல பாய் மவன் கடைச் சரக்கு அடுக்கி வெச்சிகினு கீறாரு. குழாய், பெயிண்டு டப்பா எல்லாம். அந்த ரூமு யாருக்கு?"

ஃபோர்மேனும் வாத்தியாரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்களுக்கு அந்த அறை தெரியும். நண்பன் மகனிடம் எப்படிக் கேட்பது என்று இத்தனை நாள் வாய் திறந்ததில்லை. பத்திரத்தில் அந்த அறையும் சேர்ந்துதான் இருந்தது. ஆனால் சரக்கு உள்ளே இருக்கும்போது அறை யார் கையில் இருக்கிறது என்று நாளைக்கு ஒரு சண்டை வரலாம். மேடம் பேனாவைக் கீழே வைத்தார்.

"அவரையே கேட்டுவிடலாம்" என்றார்.

நான் போய் மகனைக் கூப்பிட்டேன். அவர் வாசல்படியிலேயே நின்றார். அஞ்சலை எழுந்திருக்கவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்தபடியே கேட்டார்.

"தம்பி, கட்டடத்த உங்க அத்தா விடுதிக்கு எழுதிக் குடுக்கறாரு. உனுக்கு மனசு கஷ்டமா?"

அந்தக் கேள்வியையும் அவரிடம் அதுவரை யாரும் கேட்டிருக்கவில்லை. அவர் முகம் சிவந்தது. "எனக்கு என்ன கஷ்டம்? அவரு சொத்து."

"அது பேச்சு இல்ல. கஷ்டமா இல்லியா, சொல்லு."

"கஷ்டமாத்தான் இருந்திச்சு" என்றார். "அங்க கடை போடலாம்னு கணக்குப் போட்டு வெச்சிருந்தேன். ஆனா நானே இங்கதான் பொறந்தேங்க்கா. ஏழுமலை மாமா ரிக்‌ஷாவுலதான் எங்கம்மா வந்துதாம். கொழா வேல நடக்குற எடத்துக்குக் கொஞ்சம் சரக்கு போவணும். நான் திரும்பி வந்ததும் ரூம காலி பண்ணிடறேன்."

"எங்க போற?"

"அத்தாவ பம்பாய்ல கப்பல் ஏத்திட்டு வர்றேன்."

"சரி. வந்ததும் சாவிய குடுத்துடு." அஞ்சலை மேடத்தைப் பார்த்தார். "எழுதிக்கோங்க. இப்ப போடறேன் கையெழுத்த."

மூன்று கையெழுத்து விழுந்தது. அப்புறம் நாங்கள் ஓடிய ஓட்டம்! பாயும் டிரஸ்டிகளும் வேனில், சாமான் மூட்டைகளுக்கு நடுவில். நானும் மேடமும் அதே ஆட்டோவில் பின்னால். பதிவு அலுவலகத்தில் எங்களுக்கு முன்னால் ஒரு பாகப்பிரிவினைக் குடும்பம் சண்டை போட்டுக்கொண்டிருந்தது. மாலையோடு நின்ற ஹஜ் பயணியைப் பார்த்ததும் அவர்களே சண்டையை நிறுத்திவிட்டு, "நீங்க முன்னாடி போங்க, பாய். எங்களுக்காகவும் துவா கேளுங்க" என்று வழிவிட்டார்கள். பாய் கையெழுத்துப் போட்டுக் கைரேகையும் வைத்தார். மற்றவர்கள் கையெழுத்துப் போட்டார்கள். முத்திரை விழுந்தது. அந்தச் சத்தம் இப்போதும் என் காதில் இருக்கிறது. மேடம் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். "அடுத்த தடவை எங்கே போகிறாய் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போ" என்றார். அவ்வளவுதான் எனக்குக் கிடைத்த திட்டு.

பல வருஷம் கழித்து, ரோடு அகலமாகி இடத்தின் மதிப்பு ஏறிய காலத்தில், பாயின் சொந்தக்காரர் ஒருவர் வக்கீலோடு வந்து அந்தப் பத்திரத்தைக் குடைந்து பார்த்தார். சம்மதித்தவர்கள் யார், பாய் வெளியே நின்றாரா, பின் அறை யார் கையில் என்று எல்லாம் கேட்டார். எல்லாவற்றுக்கும் சரியான பதில் இருந்தது. விடுதி அதே இடத்தில் இருக்கிறது. நீங்கள் பஸ்ஸில் போகும்போது பார்த்திருப்பீர்கள்.

சட்டப்படி ஒரு ஆள் வேண்டும் என்று வரும்போது நாம் நல்ல பெயர், நல்ல படிப்பு உள்ள ஆளைத் தேடுகிறோம். அது தவறில்லை. ஆனால் யாரை இதுவரை ஒன்றும் கேட்கவில்லை என்றும் ஒரு தடவை யோசித்துப் பாருங்கள். எனக்குத் தெரிந்த யோசனை அது ஒன்றுதான்.

பதிவு முடிந்து எல்லோரும் வெளியே வந்தோம். வேன் உறுமிக்கொண்டு நின்றது. பாய் ஃபோர்மேனையும் வாத்தியாரையும் கட்டிப்பிடித்து மன்னிப்புக் கேட்டார். என் கையையும் பிடித்துக் கேட்டார். கடைசியாக அஞ்சலை முன்னால் வந்து கைகூப்பினார்.

"தெரிஞ்சோ தெரியாமலோ ஏதாச்சும் தப்பா பேசியிருந்தா மன்னிச்சிடும்மா."

அஞ்சலை அவரை நேராகப் பார்த்தார். குரலில் கோபமே இல்லை.

"தப்பா எதுவும் பேசலயே, பாய். அவரு போனதுக்கப்புறம் எங்கிட்ட நீங்க பேசவே இல்லியே."

பாய் கூப்பிய கையோடு நின்றார். ஃபோர்மேன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு பாய், கழுத்து மாலைகளை ஒவ்வொன்றாகக் கழற்றி வாத்தியார் கையில் கொடுத்தார். பதிவு அலுவலகத் தாழ்வாரத்து பெஞ்சில் உட்கார்ந்து, பக்கத்தில் கையால் தட்டினார்.

"உக்காரும்மா. பசங்க என்ன படிக்கிதுங்க?"

அஞ்சலை உட்கார்ந்தார். பெரியவள் தையல் கற்றுக்கொள்கிறாள், சின்னவனுக்குக் கணக்கு வரவில்லை என்று சொல்ல ஆரம்பித்தார். காலையிலிருந்து எல்லோரையும் விரட்டிக்கொண்டிருந்த மகன், கடிகாரத்தை ஒரு தடவை பார்த்தார். பெஞ்சைப் பார்த்தார். பிறகு டிரைவர் பக்கம் போய், வண்டியை அணைக்கச் சொன்னார்.